சிவப்பு வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது? கரண்ட் அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வயரிங், மோட்டார் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை பழக வரும் பையன்கள் ஒரே வாரத்தில் வோல்டேஜ் அளக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கரண்ட் அளப்பதில்தான் தடுமாறுகிறார்கள், ஃபியூஸைக் காலி செய்கிறார்கள், சில சமயம் மீட்டரையே காலி செய்கிறார்கள்.

காரணம் ஒன்றுதான். வோல்டேஜ் அளக்கும் மீட்டர் வெளியில் நின்று வேடிக்கை பார்க்கும். கரண்ட் அளக்கும் மீட்டர் அப்படி இல்லை, கரண்ட் அதன் வழியாகவே ஓட வேண்டும். அந்த நேரத்துக்கு அது ஒரு துண்டு வயர். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்பது தானாகவே புரியும்.

1. மீட்டரைத் தொடும் முன் தாளில் ஒரு கணக்கு

எவ்வளவு வரும் என்று தெரியாமல் அளக்காதீர்கள். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் தோராயமாக வந்துவிடும். 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டிக்கு 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர். 2000 வாட்ஸ் கீசருக்கு 8.7. பழைய 75 வாட்ஸ் சீலிங் ஃபேனுக்கு 0.33. மோட்டாருக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. அதன் பெயர்ப் பலகையில் முழு லோடு ஆம்பியர் அடித்திருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எதற்கென்றால், எந்த மீட்டர், அதில் வயர் சொருகும் எந்த ஓட்டை, எந்த ரேஞ்ச் என்று முடிவு செய்யவே இந்த எண்தான் வேண்டும். வந்த எண் சரியா தப்பா என்று சொல்வதற்கும் இதை விட்டால் வேறு வழியில்லை. கணக்குப் போடாதவன் மீட்டர் 0.00 காட்டினாலும் நோட்டில் எழுதிக்கொண்டு போவான்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். ஒரு டாங் டெஸ்டர் (வயரை வெட்டாமல் தாடையால் கவ்வி அளப்பது, கடையில் கிளாம்ப் மீட்டர் என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள்). பழகுவதற்கு 12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட் 10 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பு, வழியில் போட 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று, அதற்கான ஹோல்டர்.

மஞ்சள் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதன் 10 ஆம்பியர் ரேஞ்ச் டிசிக்கு, அதாவது பேட்டரி தரும் வகைக் கரண்ட்டுக்கு மட்டும்தான். வீட்டு லைனில் வரும் ஏசி கரண்ட்டை அதில் விட்டால் பூஜ்யத்தைச் சுற்றி எதையாவது காட்டும். இரண்டாவது, 10 ஏ ஓட்டைக்குப் பக்கத்தில் ‘அன்ஃபியூஸ்டு’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். உள்ளே ஃபியூஸே கிடையாது என்று அர்த்தம். பேட்டரி வேலைக்கு அது போதும். வீட்டு லைனில் அதை வைத்துக் கரண்ட் பார்க்க வேண்டாம்.

டாங் டெஸ்டர் வாங்கும்போது ‘கேட் 3, 600 வோல்ட்’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் போர்டு, டிபி (சர்க்யூட்டுகளைப் பிரித்துவிடும் பெட்டி) பக்கம் வேலை செய்வதற்கு அந்தத் தரம் வேண்டும்.

இன்னொன்றை நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு 3 பின் பிளக், ஒரு 3 பின் சாக்கெட் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தனித்தனி வயர்களாக பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பும் வயர்), எர்த். கேபிளாக வேண்டாம், மூன்று ஒற்றை வயர்கள், இன்சுலேஷன் முழுதாக இருக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். இதன் உபயோகம் 6ஆவது பகுதியில் வரும்.

3. உள்ளே என்ன நடக்கிறது

மல்டிமீட்டருக்கு உண்மையில் கரண்ட்டை அளக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வோல்டேஜ்தான். அதனால் உள்ளே மிகக் குறைந்த தடையுள்ள தடித்த கம்பித் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஷன்ட். 0.01 ஓம் ஷன்ட் வழியாக 5 ஆம்பியர் போனால் அதன் இரு முனைக்கும் நடுவே 50 மில்லிவோல்ட் நிற்கும். மீட்டர் அந்த 50 மில்லிவோல்ட்டைப் படித்து 5.00 என்று காட்டுகிறது.

ஷன்ட்டின் தடை ஏன் இவ்வளவு குறைவு? மீட்டரை நுழைத்ததால் சர்க்யூட்டின் கரண்ட் குறைந்துவிடக் கூடாது அல்லவா. மில்லியாம்பியர் ரேஞ்சில் ஷன்ட் கொஞ்சம் பெரிசு, 1 ஓம் அளவில் இருக்கும். 3 வோல்ட் பொம்மை மோட்டார் போன்றவற்றில் அந்த 1 ஓம்மே கரண்ட்டை இழுத்துப் பிடித்துவிடும். அங்கே முடிந்தவரை பெரிய ரேஞ்சில் வைத்து அளப்பது நல்லது.

டாங் டெஸ்டரின் வழி வேறு. கரண்ட் ஓடும் வயரைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டு. ஏசியில் அது நொடிக்கு 50 முறை ஏறி இறங்குவதால், தாடைக்குள் சுற்றியிருக்கும் காயிலில் சின்னக் கரண்ட்டைத் தூண்டும். 1000 சுற்று காயில் என்றால் வயரில் 10 ஆம்பியருக்குக் காயிலில் 10 மில்லியாம்பியர். டிசியில் புலம் அசையாது, காயிலுக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்கு ஹால் சென்சார் (அசையாத காந்தப் புலத்தையும் உணர்வது) வைத்த டாங் டெஸ்டர் வேண்டும், விலை கூடுதல். சோலார் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் முள் மீட்டர் இரண்டிலும் சேராது. அதில் மோட்டார் கரண்ட் ஒரு காயில் வழியாக ஓடி, உள்ளே இருக்கும் இரும்புத் துண்டைத் தள்ளி முள்ளை நகர்த்தும். அந்த ஸ்கேலில் ஆரம்பத்து எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில் முள் காட்டுவதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

4. பேட்டரியில் பழகுவது

வீட்டு லைனுக்கு முன் இது. இங்கே தப்புச் செய்தால் ஒரு ஃபியூஸ்தான் போகும்.

(1) பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து பல்பு, பல்பிலிருந்து மைனஸ். பல்பு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாமலே சர்க்யூட் சரியாக இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இல்லையென்றால் பிறகு எது பழுது என்று தேடியே நேரம் போகும்.

(2) கணக்கு: 10 வாட்ஸ், 12 வோல்ட், 0.83 ஆம்பியர். 200 மில்லியாம்பியர் ஓட்டை இதற்குப் போதாது. எனவே கறுப்பு வயர் ‘காம்’ ஓட்டையில், சிவப்பு வயர் 10 ஏ ஓட்டையில், டயல் 10 ஆம்பியர் டிசியில்.

(3) பேட்டரியின் பிளஸ்ஸைக் கழற்றுங்கள். பிறகுதான் சர்க்யூட்டை வெட்ட வேண்டும். ஃபியூஸுக்கும் பல்புக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

(4) ஃபியூஸ் பக்க முனையில் சிவப்பு, பல்பு பக்க முனையில் கறுப்பு. கையால் பிடித்துக்கொண்டு நிற்காமல் குரோக்கடைல் கிளிப் போடுங்கள்.

(5) இப்போது பிளஸ்ஸை மாட்டுங்கள். பல்பு எரிய வேண்டும், மீட்டர் 0.8 பக்கம் காட்ட வேண்டும். எண்ணுக்கு முன் மைனஸ் குறி வந்தால் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

(6) படித்ததும் பிளஸ்ஸைக் கழற்றிவிட்டு மீட்டரை எடுங்கள். பெரிய கரண்ட்டில் 10 ஏ ஓட்டையை நீண்ட நேரம் ஓட விடக் கூடாது. பல மீட்டர்களில் 10 விநாடி மட்டும், பிறகு 15 நிமிடம் ஓய்வு என்று அச்சடித்தே இருக்கும். ஷன்ட் சூடானால் அதன் தடை மாறும், காட்டும் எண்ணும் மாறும்.

இங்கே அடிக்கடி நடப்பது: சிவப்பு வயரை மில்லியாம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிட்டுப் பவரைப் போடுவது. பல்பு ஒரு தடவை மினுக்கி அணையும், மீட்டர் பூஜ்யம். பையன் பல்பைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பார்ப்பான். பல்பு நன்றாகத்தான் இருக்கும், போனது மீட்டருக்குள்ளே இருக்கும் ஃபியூஸ். அதை மாற்றும்போது அதே ஆம்பியர், அதே வோல்ட் ஃபியூஸ் போடுங்கள். சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றிப் போட்ட மீட்டர் ஒன்று என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. ரிப்பேர் பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

5. அளந்து முடித்ததும் சிவப்பு வயர் தன் இடத்துக்கு

இதைத் தனிப் பகுதியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு.

என் பட்டறையில் ஒருநாள் காலை ஒரு தம்பி பேட்டரி கரண்ட் பார்த்துவிட்டு மீட்டரை அப்படியே மேஜையில் வைத்துவிட்டான். டீ குடித்துவிட்டு வந்து, சுவர் பிளக்கில் சப்ளை வருகிறதா என்று பார்க்க டயலை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி இரண்டு முனையையும் உள்ளே விட்டான். டயல் சரிதான். சிவப்பு வயர் 10 ஏ ஓட்டையில். டப்பென்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், எம்சிபி (கரண்ட் மீறினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) விழுந்தது. முனையின் நுனி உருகி மிளகு மாதிரி உருண்டு நின்றது. கையில் ஒன்றும் ஆகவில்லை, அது அவன் அதிர்ஷ்டம்.

டயலை எங்கே திருப்பினாலும் 10 ஏ ஓட்டைக்குப் பின்னால் இருப்பது ஷன்ட்தான், அதாவது ஒரு துண்டுக் கம்பி. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கம்பியை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வீட்டு வயரிங்கின் தடை மட்டும்தான் தடுக்கும். சில நூறு ஆம்பியர் பாய்ந்திருக்கும்.

அதனால் கரண்ட் அளந்து முடிந்த நொடியே, மீட்டரைக் கீழே வைக்கும் முன், சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றுங்கள். இன்னொருவர் மீட்டரை வாங்கினால் முதலில் ஓட்டையைப் பாருங்கள், டயலை அப்புறம் பார்க்கலாம். வோல்ட்டுக்கும் மில்லியாம்பியருக்கும் ஒரே ஓட்டை வைத்த மீட்டரில் டயலும் இதே வேலையைக் காட்டும். அதில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

6. வீட்டு லைனில் டாங் டெஸ்டர்

இங்கே வயரை வெட்ட வேண்டாம், அதுதான் இதன் பெரிய வசதி. ஆனால் ஒரு விதி உண்டு: தாடைக்குள் ஒரே ஒரு வயர்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் போர் மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பையனை அளக்கச் சொல்லிவிட்டு நான் தொட்டிப் பக்கம் போனேன். அவன் மோட்டார் கேபிளை மொத்தமாகத் தாடைக்குள் விட்டுவிட்டு, “அண்ணே, மோட்டாரு கரண்டே எடுக்கலண்ணே” என்றான். முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “தொட்டியில தண்ணி கொட்டுதேப்பா, அது எதுல ஓடுதாம்?” என்றார்கள்.

கேபிளுக்குள் கரண்ட் போகும் வயரும் திரும்பி வரும் வயரும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டின் காந்தப் புலமும் எதிரெதிர் திசையில், சம அளவில். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விதான் தப்பு.

வரிசை இப்படி:

(1) டயலை ஏசி ஆம்பியரில், பெரிய ரேஞ்சில் வையுங்கள். சிறிதிலிருந்து ஆரம்பித்தால் வெறும் 1 அல்லது ‘ஓஎல்’ (ஓவர்லோடு) காட்டும், கரண்ட் எவ்வளவு என்று தெரியாது.

(2) தாடையைத் திறந்து ஒற்றை வயரை நடுவில் வருமாறு விட்டு, டக்கென்று மூடும் சத்தம் கேட்கும்வரை விடுங்கள். கைவிரல் பாதுகாப்பு விளிம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

(3) பக்கத்து வயர்களை முடிந்தவரை தள்ளி வையுங்கள். அவற்றின் புலமும் கொஞ்சம் உள்ளே நுழையும்.

(4) சின்ன லோடு என்றால் ரேஞ்சைக் குறைத்துக்கொண்டு படியுங்கள். போர்டு இருட்டில் இருந்தால் ‘ஹோல்டு’ பட்டனை அழுத்தி வெளியே எடுத்துப் படிக்கலாம். பிறகு ஹோல்டை எடுக்க மறக்காதீர்கள். அடுத்த வீடு வரை அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

பிளக்கில் மாட்டும் சாமானுக்கு 2ஆவது பகுதியில் செய்த மூன்று வயர் கார்டு. சாமானை அதில் மாட்டி, பேஸ் வயரை மட்டும் தாடைக்குள் விட்டால் போதும். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒயரை உரிக்காமல் கரண்ட் பார்த்துவிடலாம்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. தேக்குக் கேசிங் கேப்பிங்குக்குள் (மூடி போட்ட மரச் சட்டம்) ஓடும் பழைய வயர்கள் ரப்பர் மேல் நூல் பின்னியவை. தாடைக்கு இடம் வேண்டும் என்று அதை வெளியே இழுத்தால் ரப்பர் அப்பளம் மாதிரி உதிரும், செம்பு வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் அளக்கவே வேண்டாம். மெயினில், புது வயர் இருக்கும் பக்கத்தில் அளந்து, மற்ற சர்க்யூட்டுகளை ஆஃப் செய்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கரண்ட் ரொம்பச் சின்னதாக இருந்தால்

9 வாட்ஸ் எல்இடி பல்பு எடுப்பது 0.04 முதல் 0.08 ஆம்பியர்தான். சாதாரண டாங் டெஸ்டர் 0.0 என்று சொல்லிவிடும். பேஸ் வயரைத் தாடைக்குள் 10 முறை நுழையுமாறு சுற்றுங்கள், வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள். 0.6 வந்தால் உண்மையில் 0.06. எண்ண வேண்டியது தாடைக்கு உள்ளே கடக்கும் வயர்களை. வெளியே தெரியும் வளைவுகளை எண்ணினால் ஒன்று குறையும்.

எல்இடி, இன்வெர்ட்டர் லோடு, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்த ஃபேன் ஆகியவற்றின் கரண்ட் அலை ஒழுங்கான வளைவாக இருக்காது. ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ என்று போடாத மீட்டர் இவற்றைப் பெரும்பாலும் குறைத்துக் காட்டும்.

8. மோட்டார்

ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் முழு லோடைப் போல 5 முதல் 7 மடங்கு எடுக்கும். அதனால் முதலில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். சத்தம் சீராகி, தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகு படியுங்கள். ஸ்டார்ட்டிங் கரண்ட்டே வேண்டுமென்றால் ‘இன்ரஷ்’ பட்டன் உள்ள மீட்டர் வேண்டும்.

பிறகு பெயர்ப் பலகையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் உடனே மோட்டாரைக் குறை சொல்லாமல் வோல்டேஜைப் பாருங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதே வேலையைச் செய்யக் கூடுதல் கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் சரி, ஆனால் உறுமிக்கொண்டே கரண்ட் இறங்காமல் நின்றால் கண்டென்சரைச் சோதியுங்கள், அல்லது பம்ப் இறுகியிருக்கும்.

வழக்கத்தைவிடக் குறைந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பம்ப் தண்ணீரைத் தூக்கவில்லை என்று அர்த்தம். கோடையில் போரில் தண்ணீர் மட்டம் கீழே போகும்போது இது முதலில் ஆம்பியரில்தான் தெரியும். மோட்டார் நன்றாக ஓடும் நாளில் ஆம்பியரையும் வோல்ட்டையும் ஸ்டார்ட்டர் பெட்டி மூடிக்குள் மார்க்கரில் எழுதி வையுங்கள். நான் எல்லா வீட்டிலும் செய்வது இது.

9. இரண்டு வயரையும் சேர்த்துப் பிடிப்பது எப்போது

6ஆவது பகுதியில் தப்பு என்று சொன்னதை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, எர்த்தை விட்டுவிட்டு, தாடைக்குள் விடுங்கள். போனதெல்லாம் திரும்பி வந்தால் பூஜ்யம். வராத மிச்சம் எவ்வளவோ அதுதான் கசிவு. ஆர்சிசிபி (கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ளே செய்வதும் இதே கழித்தல்தான். இதற்கு மில்லியாம்பியர் படிக்கும் லீக்கேஜ் கிளாம்ப் வேண்டும், சாதாரண டாங் டெஸ்டருக்கு இது கண்ணில் படாது.

ஐப்பசி மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்த பிறகு இந்த வீடுகளில் கசிவு ஏறும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல், 30க்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம். வீடு சும்மா இருக்கும்போதே 12 காட்டினால் கிரைண்டர் போட்டதும் விழக்கூடும். ஒவ்வொரு எம்சிபியாக ஆஃப் செய்து எதில் எண் இறங்குகிறது என்று பாருங்கள்.

இதைச் செய்ய வேண்டியது ஆர்சிசிபி மாட்டும் முன்பு. மாட்டிய பிறகு அது விழுந்துகொண்டே இருக்கும், அளக்க விடாது. அதோடு பழைய வயரிங்கில் இன்னொரு வில்லங்கம்: வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஃபேனுக்கு பேஸ் ஒரு சர்க்யூட்டில் இருந்தும், நியூட்ரல் பக்கத்து சர்க்யூட்டில் இருந்தும் எடுத்திருப்பார்கள். அப்போது அந்த ஒரு சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் மட்டும் பிடித்தால் காட்டுவது மில்லியாம்பியர் கணக்கில் இராது. ஃபேனைப் போட்டதும் 0.3 ஆம்பியர் என்று நிற்கும். அது கசிவு அல்ல, ஃபேனின் முழுக் கரண்ட், வேறு வழியாகத் திரும்பிப் போகிறது. நியூட்ரலைப் பிரித்துக் கட்டாமல் அந்த வீட்டில் சர்க்யூட்டுக்கு ஒன்றாக மாட்டும் ஆர்சிசிபி நிற்காது.

10. எண் ஒத்துவராவிட்டால்

முதலில் வோல்டேஜை அளங்கள். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டும் இருக்கும் வீட்டில் கடைசி பிளக்குக்கு 230 வோல்ட் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே 210 இருந்தால் 4.35 எடுக்க வேண்டிய இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியர்தான் எடுக்கும்.

அடுத்து மீட்டர் பேட்டரி. சின்ன பேட்டரிக் குறி திரையில் தெரிந்தால் அந்த எண்ணை எழுதவே எழுதாதீர்கள்.

கடைசியாகத் தாடை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் மோட்டார் 5.1 காட்டியது, மூடிக்குள் நான் எழுதிவைத்திருந்தது 5.6. வோல்டேஜ் அன்று போலவே இருந்தது, தண்ணீரும் குறையாமல் விழுந்தது. தாடையைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு முகமும் ஒட்டும் இடத்தில் சுவர் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. முதல் நாள் துளை போடும்போது விழுந்தது. வேட்டி முனையால் துடைத்துவிட்டு மறுபடி மூடினேன், 5.6.